நீரினூடே ஒலி: ஊடகம் அறியப்பட்ட வரலாறு

ஒலி பரவுதற்கு ஊடகம் ஒன்று இன்றியமையாதது என்பதும், வளியிலும் பார்க்க நீரிலும், நீரிலும் பார்க்க உலோகத்திலும் அது விரைந்து செல்லும் என்பதும் இன்று பாடசாலை மாணவரும் அறிந்த செய்திகளாகும். சாதாரண வெப்பநிலையில் வளியிலே செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர், கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீற்றர், உருக்கில் 5,000 மீற்றருக்கும் மேல் எனப் பாடநூல்கள் ஒலியின் வேகத்தைக் குறிக்கின்றன. ஒரு சிறு அட்டவணையில் அடங்கிவிடும் இவ்வெண்களைப் பெறுவதற்கு அறிஞர் பலர் பல தலைமுறைகளாக உழைத்தனர் என்பது பெரும்பாலும் நினைவுகூரப்படுவதில்லை.

அவ்வுழைப்பின் வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். ஊடகத்தை ஒலி கடந்து செல்லும் வெறும் வழியாகக் கருதியபோதெல்லாம் ஆய்வாளர் இடறினர். ஊடகத்தின் இயல்பு யாதென வினவியபோதெல்லாம் முன்னேறினர். கடலைப் பொறுத்தவரை அவ்வினாவை எழுப்பத் தூண்டியவை பெரும்பாலும் விபத்தும் போருமே என்பது இவ்வரலாற்றின் மற்றொரு பக்கமாகும். இவ்விரண்டையும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளியும் வெற்றிடமும்

பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த முதல் வினா, ஒலிக்கு வளி வேண்டுமா என்பதாகும். 1650 ஆம் ஆண்டு வெளிவந்த தமது இசைநூலிலே கிர்ச்சர் என்னும் யேசுசபைத் துறவி ஒரு பரிசோதனையைக் குறிப்பிட்டார். வளி நீக்கப்பட்டதாகக் கருதப்பட்ட குழாயொன்றினுள் வைத்த மணியின் ஓசை வெளியே கேட்டதென்றும், ஆகவே அங்கு உண்மையான வெற்றிடம் இல்லையென்றும் அவர் வாதித்தார். மணியைத் தாங்கிய சட்டத்தின் வழியாகவும் ஒலி வெளியேறலாம் என்பது போதியளவு கருதப்படவில்லை. திண்பொருளும் ஓர் ஊடகமே என்பதை மறந்தமையால் நேர்ந்த இடறல் இது.

1660 ஆம் ஆண்டு தமது ஆய்வுகளை வெளியிட்ட றொபேட் பொயில் இக்குறையைத் தவிர்த்தார். வளிபம்பியுடன் இணைந்த கண்ணாடிக் கலத்தினுள் ஒரு கடிகாரத்தை நூலிலே தொங்கவிட்டார். வளி வெளியேற்றப்படவே கடிகாரத்தின் ஓசை தேய்ந்து மறைந்தது. வளியை மீண்டும் உட்செலுத்தியதும் ஓசை திரும்பியது. நூல் ஒலியைக் கடத்துவதில் மிக வலிமை குன்றியது. ஆதலால் வளியின் பங்கு இங்கு ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது.

ஊடகம் வேண்டும் என்பது நிறுவப்பட்ட பின்னர், அதன் எப்பண்பு வேகத்தை நிருணயிக்கின்றது என்பது வினாவாயிற்று. 1687 ஆம் ஆண்டு வெளிவந்த தமது பெருநூலில் நியூற்றன் இதற்கு விடை கூறினார். ஒலி செல்லும்போது ஊடகத்தின் துணிக்கைகள் நெருங்கியும் ஐதாகியும் அதிர்கின்றன. ஊடகம் நெருக்கத்தை எவ்வளவு எதிர்க்கின்றதோ அவ்வளவுக்கு வேகம் கூடும். அடர்த்தி கூடுமளவுக்கு வேகம் குறையும் என்பதே அவர் கண்ட தொடர்பின் சாரம். கோட்பாடு சிறந்ததாயினும், வளிக்கு அவர் கணித்த பெறுமானம் அளவீட்டிலும் பார்க்க நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து வீதம் குறைவாக இருந்தது. 1713 ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில், வளித்துணிக்கைகளின் பருமன், வளியிற் கலந்துள்ள ஆவி முதலியவற்றைக் காரணங்காட்டி அவர் அவ்விடைவெளியை நிரப்ப முயன்றார். அம்முயற்சி நிலைக்கவில்லை. நெருக்கப்படும் வளி சூடேறுகின்றது. அச்சூடு பரவி அகலுமுன்னரே அலை கடந்து செல்கின்றது. ஆதலால் வளி எதிர்பார்த்ததினும் கூடிய எதிர்ப்பைக் காட்டுகின்றது என்று 1816 ஆம் ஆண்டு லப்பிளாஸ் விளக்கியபோதே கணிப்பும் அளவீடும் ஒன்றுபட்டன.

நீருக்குள் வைத்த செவி

நீரினூடே ஒலி செல்லும் என்பதை நீரோடு வாழ்ந்த மக்கள் என்றும் அறிந்திருந்தனர். கப்பலை நிறுத்தி, நீண்ட குழாயொன்றின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைச் செவியில் வைத்தால் தொலைவிற் செல்லும் கப்பல்களின் ஓசையைக் கேட்கலாம் என 1490 ஆம் ஆண்டளவில் லியனாடோ டா வின்சி எழுதிவைத்தார்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க செய்தியொன்று ஈழத்திலும் உண்டு. மட்டக்களப்பு வாவியின் 'பாடும் மீன்' ஓசை நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. அக்காலக் குடியேற்றநாட்டுச் செயலாளராகவிருந்த எமேர்சன் ரெனன்ற் 1848 ஆம் ஆண்டு அவ்வாவியில் இரவிலே தோணியேறிச் சென்று அவ்வோசையைக் கேட்டார். தோணியின் மரப்பகுதியிற் செவியைப் பொருத்தியபோது ஓசை பெரிதும் மிகுந்து கேட்டதை அவர் தமது நூலிற் பதிவுசெய்துள்ளார். துடுப்பை நீரில் ஊன்றி அதன் மேல்முனையைக் காதோடு சேர்த்துக் கேட்பது அப்பகுதியில் வழங்கிவரும் முறையாகும்.

இவ்வழக்கத்தின் பின்னே ஆழ்ந்த பௌதிக உண்மையொன்று உள்ளது. அடர்த்தியிலும் மீள்தன்மையிலும் பெரிதும் வேறுபட்ட இரு ஊடகங்கள் சந்திக்கும் எல்லையில் ஒலியின் பெரும்பகுதி தெறித்துத் திரும்புகின்றது. நீரிலிருந்து செங்குத்தாக மேல்வந்து வளியை அடையும் ஒலிச்சத்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே எல்லையைக் கடக்கின்றது. இதனாற்றான், ஒலி நிறைந்த கடல் கரையில் நிற்பவனுக்கு மௌனமாகத் தோன்றுகின்றது. நீருக்கும் செவிக்குமிடையே மரத்தை வைப்பவன் வளியைத் தவிர்த்து வேறொரு பாதையை அமைத்துக்கொள்கிறான்.

எனினும், அறிஞரிடையே ஒரு தடை நிலவியது. ஊடகம் நெருங்கி விரிந்தாலன்றி ஒலி பரவாது. நீரோ நெருக்கப்படாத பொருள் என நம்பப்பட்டது. புளோரன்ஸ் நகரின் அறிவியற் கழகத்தார் வெள்ளிக்கோளமொன்றில் நீரை நிரப்பிச் சம்மட்டியால் அடித்தபோது, நீர் நெருங்காமல் உலோகத்தின் நுண்துளைகளால் வியர்வைபோற் கசிந்தது என்னும் செய்தி 1667 ஆம் ஆண்டு வெளியாகியிருந்தது. நீர் நெருங்காதாயின் அதில் ஒலி எங்ஙனம் செல்லும்? 1743 ஆம் ஆண்டு நொலே என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆற்றுநீருள் தலையை அமிழ்த்தி, துப்பாக்கி வேட்டு, மணியோசை, மனிதக் குரல் ஆகியவற்றைத் தாமே கேட்டு உறுதிசெய்தார். 1762 ஆம் ஆண்டு இலண்டனில் ஜோன் கன்ரன், நீரும் மிகச் சிறிதளவு நெருக்கப்படும் என்பதை நுண்ணிய அளவீட்டாற் காட்டினார். அதன்பின்னரே கேள்விப்புலன் கூறியதைக் கோட்பாடும் ஏற்கக்கூடியதாயிற்று.

ஜெனீவா வாவியின் மணி

அளக்கும் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிறந்தது. பாரிஸ் நகருக்கு நீர் கொண்டுவர அமைக்கப்பட்ட இரும்புக் குழாய்த் தொடரொன்றை 1808 ஆம் ஆண்டு பியோ பயன்படுத்தினார். 951 மீற்றர் நீளமான அக்குழாயின் ஒரு முனையில் அடித்தபோது மறுமுனையில் இரண்டு ஓசைகள் கேட்டன. முதலாவது இரும்பின் வழியாகவும், இரண்டாவது ஏறத்தாழ இரண்டரைச் செக்கன் பிந்திக் குழாயினுள் இருந்த வளியின் வழியாகவும் வந்தன. வளியிலும் பார்க்க இரும்பில் ஒலி பத்து மடங்குக்குச் சற்று அதிகமான வேகத்தில் செல்வதாக அவர் கணித்தார். ஒரே அடி, ஒரே தூரம், இரு ஊடகங்கள், இரு நேரங்கள் என்னும் இப்பரிசோதனை ஊடகத்தின் பங்கை மிகத் தெளிவாக உணர்த்தியது.

நீரைப் பொறுத்தவரை நிலையான புகழைப் பெற்றது 1826 ஆம் ஆண்டு ஜெனீவா வாவியில் நிகழ்ந்த அளவீடாகும். திரவங்களின் நெருக்கப்படுந் தன்மையை ஆராய்வதற்குப் பாரிஸ் அறிவியற் கழகம் பரிசொன்றை அறிவித்திருந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த இளைஞர்களான டானியல் கொலடொனும் சாள்ஸ் ஸ்ரூமும் அதன்பொருட்டு ஆய்வில் இறங்கினர். ஆய்வுகூடத்திற் கண்ட நெருக்கத்தைக் கொண்டு நீரில் ஒலியின் வேகத்தைக் கணிக்கலாம். அக்கணிப்பைச் சரிபார்க்க உண்மையான வேகத்தை அளக்கவேண்டியிருந்தது. அதற்குச் சிறு தொட்டி போதாது, வாவி வேண்டும்.

வாவியின் வடகரையில் ரோல் நகரும் தென்கரையில் தோனோன் நகரும் உள்ளன. இவற்றுக்கு அண்மையில் நிறுத்தப்பட்ட இரு தோணிகளுக்கிடையே தூரம் 13,487 மீற்றராகும். ஒரு தோணியிலிருந்து ஏறத்தாழ 65 கிலோகிராம் நிறையுள்ள மணி நீரினுள் தொங்கவிடப்பட்டது. மணியை அடிக்கும் நெம்புகோலே அதே கணத்தில் தோணியின் மேல் வெடிமருந்தைப் பற்றவைக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. மறு தோணியில் இருந்தவர், நீரில் அமிழ்த்தப்பட்ட நீண்ட தகரக் குழாயிற் செவியை வைத்து, இருளிலே தோன்றும் ஒளியை நோக்கிக் காத்திருந்தார். ஒளியைக் கண்டதும் நேரமானியை இயக்கினார். ஓசையைக் கேட்டதும் நிறுத்தினார். பல தடவை அளந்து பெற்ற சராசரி ஏறத்தாழ 9.4 செக்கன். நீரின் வெப்பநிலை 8 பாகை சதமவளவை. வேகம் செக்கனுக்கு 1,435 மீற்றர் எனக் கண்டனர். நெருக்கப்படுந் தன்மையிலிருந்து கணித்த பெறுமானமும் இதற்கு மிக அண்மையில் இருந்தது. 1827 ஆம் ஆண்டு பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

இவ்வளவீடு ஒரு பொதுவான தவறான எண்ணத்தையும் அகற்ற உதவுகின்றது. நீர் அடர்த்தி மிக்கது. ஆதலால் அதில் ஒலி விரைகின்றது எனக் கூறுவோர் உளர். நியூற்றனின் தொடர்பின்படி அடர்த்தி வேகத்தைக் குறைக்கும். வளியிலும் பார்க்க நீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஆயின், அது நெருக்கத்தை எதிர்க்கும் ஆற்றல் ஏறத்தாழ 15,000 மடங்கு பெரிது. 15,000 ஐ 800 ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 4.3 கிடைக்கும். வளியின் வேகத்தை இதனாற் பெருக்க, செக்கனுக்கு ஏறத்தாழ 1,460 மீற்றர் வரும். வாவியில் அளந்ததும் ஏறக்குறைய அதுவே. நீரின் வேகத்துக்குக் காரணம் அதன் பாரமன்று, அதன் விட்டுக்கொடாமையே என்பது இதனாற் பெறப்படும்.

வேறொரு நுட்பத்தையும் கொலடொன் கவனித்தார். நீரினுள் வந்த மணியோசை நீண்டு ஒலிக்கும் மணிநாதமாக இராது, இரு கத்திகள் மோதினாற்போலக் குறுகிய ஓசையாகக் கேட்டது. நீருக்குள் நீண்டிருந்த சுவரின் மறைவில் ஒலி பெரிதும் குன்றி, ஒளியின் நிழல்போல ஒலிக்கும் நிழல் உண்டாயிற்று. அவற்றின் முழுப்பொருளும் விளங்க மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது.

விபத்தும் போரும்

கொலடொனின் அறிவு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நடைமுறைப் பயனின்றிக் கிடந்தது எனலாம். 1901 ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் நீரடிச் சைகைக்கென ஒரு கும்பனி தோன்றியது. வெளிச்சக் கப்பல்களின் கீழ் நீரினுள் மணிகள் தொங்கவிடப்பட்டன. மூடுபனியில் வரும் கப்பல்கள் தம் அடித்தளத்தின் இருபுறமும் பொருத்திய ஒலிவாங்கிகளால் அம்மணியோசையைக் கேட்டுத் திசையறிந்தன.

1912 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ரைற்றானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். பாறையில் மணி கட்ட இயலாது. பாறையையே எதிரொலியாற் பேசவைக்கவேண்டும் என்னும் எண்ணம் பலரிடத்தும் எழுந்தது. இங்கிலாந்தில் றிச்சட்சன், அவ்விபத்து நிகழ்ந்து ஒரு மாத அளவில், நீரில் எதிரொலியால் தடைகளை அறியும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1914 ஆம் ஆண்டு ஏப்ரலில் றெஜினோல்ட் பெசென்டன் தாம் அமைத்த மின்னதிர்வியின் துணையால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருந்த பனிப்பாறையின் எதிரொலியைப் பெற்றார். கடலடியிலிருந்தும் எதிரொலி திரும்பியது.

சில மாதங்களில் முதலாம் உலகப்போர் தொடங்கியது. பனிப்பாறைக்குப் பதிலாக நீர்மூழ்கிக் கப்பல் தேடப்படும் பொருளாயிற்று. பிரான்சிலே போல் லாஞ்செவின், சிலோவ்ஸ்கி ஆகியோர் மனிதச் செவிக்கு எட்டாத உயர்ந்த மீடிறனுடைய ஒலியைப் பயன்படுத்த முயன்றனர். 1880 ஆம் ஆண்டு கியூரி சகோதரர் கண்டறிந்த, அமுக்கத்தால் மின்னேறும் படிகத்தின் இயல்பு இங்கு கைகொடுத்தது. 1918 ஆம் ஆண்டு நீர்மூழ்கியிலிருந்து எதிரொலி பெறப்பட்டது. போர் முடிந்ததும் அதே முறை கடலடியை அளக்கப் பயன்பட்டது. ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கி ஆழ்கடலில் ஓரிடத்தை அளக்க முன்னர் மணிக்கணக்கிற் செலவாயிற்று. எதிரொலிக்குச் சில செக்கன்களே போதும். 1925 முதல் 1927 வரை ஜேர்மனியின் மெற்றியர் கப்பல் தென் அத்திலாந்திக்கில் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆழ அளவீடுகளைச் செய்து, சமவெளி என எண்ணப்பட்ட கடலடியில் மலைத்தொடர் நீண்டு கிடப்பதைக் காட்டியது.

ஆயின், கடலை ஒரே தன்மையான நீர்ப்பரப்பாகக் கருதிய இடறல் இன்னும் நீங்கவில்லை. 1930களில் அமெரிக்கக் கடற்படையினர் கியூபாவுக்கு அண்மையில் விசித்திரமானதொன்றைக் கண்டனர். காலையில் நன்கு இயங்கிய எதிரொலிக் கருவிகள் பிற்பகலில் இலக்கைத் தவறவிட்டன. கருவிகள்மீதும் அவற்றை இயக்கியோர்மீதும் ஐயம் எழுந்தது. குறை அவற்றில் இல்லை, நீரில் இருந்தது. பகலவனின் வெப்பத்தால் மேல்நீர் ஒன்றிரண்டு பாகை சூடேறுகின்றது. வெப்பநீரில் ஒலி விரைவாகவும் கீழுள்ள குளிர்நீரில் மெதுவாகவும் செல்வதால் ஒலிக்கதிர் முறிவுற்றுக் கீழ்நோக்கி வளைகின்றது. மேற்பரப்புக்கு அண்மையில் ஒலிநிழல் உண்டாகின்றது. இலக்கு அந்நிழலில் மறைகின்றது. கொலடொன் சுவரின் பின்னாற் கண்ட நிழலை இங்கு நீரே தன்னுள் ஆக்கிக்கொண்டது.

வியப்பு யாதெனில், இவ்வுண்மையை ஜேர்மனியரான லிக்டே என்பவர் 1919 ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக வெளியிட்டிருந்தமையாகும். வெப்பநிலை, உவர்த்தன்மை, அமுக்கம் ஆகியவை ஒலியை எவ்வாறு வளைக்கும் என அவர் தெளிவாகக் கூறியிருந்தார். பல ஆண்டுகள் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. தேவை எழுமுன் வந்த அறிவு தாளிலே உறங்கியது. 1930களின் பிற்பகுதியில் ஸ்பில்ஹவுஸ் ஆழத்தோடு வெப்பநிலை மாறுவதைத் தானே பதியும் கருவியை ஆக்கினார். இரண்டாம் உலகப்போரில், வேட்டையாடிய கப்பலும் மறைந்த நீர்மூழ்கியும் நீரின் வெப்பநிலையை அளந்தே தம் தந்திரத்தை வகுத்தன.

ஆழ்கடலின் ஒலிவாய்க்கால்

கடலில் ஆழஞ் செல்லச் செல்ல வெப்பநிலை குறைவதால் முதலில் ஒலியின் வேகம் குறைகின்றது. மேலும் ஆழத்தில் வெப்பநிலை பெரிதும் மாறாதிருக்க, அமுக்கம் கூடுவதால் வேகம் மீண்டும் கூடுகின்றது. ஆயிரம் மீற்றர் ஆழத்துக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர் உயர்கின்றது. இடையே வேகம் மிகக் குறைந்த ஓர் ஆழம் உண்டு. நடுஅகலக்கோடுகளில் அது ஏறத்தாழ ஆயிரம் மீற்றரளவில் உள்ளது. அங்கு எழும் ஒலி மேலெழுந்தால் கீழும், கீழிறங்கினால் மேலும் வளைந்து, கரைகளுக்கிடையே ஓடும் வாய்க்கால் நீர்போல அவ்வாழத்தையே சுற்றிச் செல்கின்றது. மேற்பரப்பிலும் அடியிலும் மோதிச் சிதையாமையால் பெருந்தொலைவு நிலைக்கின்றது.

1944 ஆம் ஆண்டு மொறிஸ் யூவிங்கும் வோசெலும் இதனை அத்திலாந்திக்கிற் பரிசோதித்தனர். சிறு வெடியின் ஓசை ஏறத்தாழ 1,450 கிலோமீற்றருக்கு அப்பாற் கேட்டது. 1946 ஆம் ஆண்டு சோவியத் அறிஞர் பிரெகோவ்ஸ்கிக் வேறாக இதே உண்மையைக் கண்டார். 1960 ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு அப்பாற் கடலில் வெடிக்கவைத்தவற்றின் ஓசை ஏறத்தாழ மூன்றேமுக்கால் மணி நேரத்தின் பின் அத்திலாந்திக்கின் பெர்மியூடாவிற் பதிவாயிற்று. அது கடந்த தூரம் ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர்; பூமியின் சுற்றளவில் ஏறக்குறையப் பாதி.

ஒலி சென்றடையும் நேரத்தைக் கொண்டு இடைப்பட்ட கடலின் வெப்பநிலையை அறியலாம் என்பது அடுத்த படி. 1991 ஆம் ஆண்டு சனவரியில் வோல்ரர் மங்க்கும் குழுவினரும் இந்து சமுத்திரத்தின் தெற்கே ஹேர்ட் தீவுக்கு அண்மையிலிருந்து ஒலியை அனுப்பினர். அமெரிக்காவின் இரு கரைகளிலும் அது கேட்டது. ஆதியில் தொல்லையாகத் தோன்றிய ஊடகத்தின் மாறுபாடே இங்கு ஆய்வின் பொருளாயிற்று. ஒலி கடலின் வெப்பமானியாக மாறியது.

கேட்டலின் பொறுப்பு

இவ்வொலிவாய்க்காலை மனிதன் கண்டறியுமுன்னரே திமிங்கிலங்கள் கடலை ஒலியால் அறிந்து வாழ்ந்தன. நீரில் ஒளி சில நூறு மீற்றருள் மங்கிவிடும். தாழ்ந்த மீடிறனுடைய ஒலியோ நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் செல்லும். திருக்கோணமலைக்கு அப்பாலுள்ள கடலில் நீலத்திமிங்கிலங்களின் ஒலி 1984 ஆம் ஆண்டு பதிவுசெய்யப்பட்டது. இத்தகைய உயிர்களின் உலகில் கப்பல்களின் இரைச்சலும் போர்க்கப்பல்களின் எதிரொலிக் கருவிகளும் இன்று புகுந்துள்ளன. 2000 ஆம் ஆண்டு மார்ச்சில் பஹாமாத் தீவுகளிற் பதினேழு கடற்பாலூட்டிகள் கரையொதுங்கின. கடற்படையின் ஒலிக்கருவிகளே அதற்குப் பெரும்பாலும் காரணம் என அமெரிக்க அரசின் அறிக்கையே 2001 ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது.

கேட்டும் பயன்கொள்ளாத நிகழ்ச்சியொன்று ஈழத்தவர் நெஞ்சை விட்டு அகலாதது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி 1,200 கிலோமீற்றரளவு நீளத்துக்குப் பிளந்தது. அப்பிளவின் ஓசை கடல்நீரூடாக, ஏறத்தாழ 2,850 கிலோமீற்றர் தொலைவிலுள்ள டியேகோ காசியாத் தீவின் நீரொலிவாங்கிகளை அரை மணித்தியாலத்துக்குச் சற்றுப் பிந்தி அடைந்தது. ஒலி செக்கனுக்கு 1,500 மீற்றர் செல்ல, பேரலை ஆழ்கடலில் 200 மீற்றரளவே செல்லும். இலங்கையின் கிழக்குக் கரையைப் பேரலை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலங்கள் சென்றன. அணுக்குண்டுப் பரிசோதனைகளைக் கண்டறிவதற்காக அமைக்கப்பட்டிருந்த அக்கருவிகளின் பதிவுகளை ஆபத்தறிவிப்புக்கு உடனுக்குடன் வழங்கும் ஏற்பாடு அன்று இருக்கவில்லை. அவ்வமைப்பின் தரவுகளைச் சுனாமி எச்சரிக்கை நிலையங்களுக்கு அளிக்கும் முடிவு 2006 ஆம் ஆண்டே எடுக்கப்பட்டது. ஒலி மட்டும் பேரலையின் உயரத்தைக் கூறிவிடாது என்பது உண்மையே. எனினும், பிளவு எங்கு தொடங்கி எத்திசையில் எவ்வளவு தூரம் ஓடியது என்பதை அறிஞர் பின்னர் அப்பதிவுகளிலிருந்தே வரைந்து காட்டினர். அதற்குள் இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர்.

கிர்ச்சரின் மணியிலிருந்து டியேகோ காசியாவின் கருவிகள் வரை நீளும் இவ்வரலாற்றிலே நீர் என்றும் தன் பணியைப் பிழையறச் செய்து வந்துள்ளது. தன் மீள்தன்மைக்கும் வெப்பநிலைக்கும் அமுக்கத்துக்கும் ஏற்ப, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ஒலியை உரிய வேகத்தில் உரிய இடத்திற் சேர்த்தது. லிக்டேயின் கட்டுரை தாளிலே உறங்கியதும், டியேகோ காசியாவின் பதிவுகள் கரையோர மக்களை எட்டாது நின்றதும் மனிதரிடையே நேர்ந்த தடைகளாகும். அறிந்தவனிடமிருந்து அறியவேண்டியவனுக்குச் செய்தி செல்வதற்கும் ஊடகம் ஒன்று வேண்டும். கடலின் இயல்பை ஆராய்ந்த அதே கருத்தோடு அவ்வூடகத்தின் இயல்பையும் ஆராய்தல் கற்றோர் கடனாகும்.